இம்மியளவு சூடு

எக்ஸ் கதிர்த் துகள் ஒன்று வந்து விழுகிறது. விழுந்த இடம் இம்மியளவு சூடேறுகிறது. அந்தச் சூட்டை அளந்தால் துகளின் ஆற்றல் தெரிந்துவிடும். நுண்கலோரிமானியின் சூத்திரம் இவ்வளவுதான். 1984-இல் மோஸ்லி, மாத்தர், மெக்கமன் மூவரும் முன்வைத்த யோசனை இது. எளிமையில் இதற்கு ஈடான கருவி வானியலில் அபூர்வம்.

எளிமைக்கு விலை உண்டு. ஜப்பானும் நாசாவும் சேர்ந்து 2023 செப்டம்பரில் ஏவிய எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளில் ‘ரிசால்வ்’ என்ற நுண்கலோரிமானி இருக்கிறது. அதன் உணரியைத் தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வெப்பநிலையில் வைத்திருக்கிறார்கள். ஆறுக்கு ஆறாக 36 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெர்குரி டெல்லுரைடு வில்லை, அதோடு ஒரு சிலிக்கான் வெப்பமானி. துகள் பட்டதும் மின்தடை சட்டென்று இறங்கி, மெல்லப் பழைய நிலைக்கு ஏறும். 6,000 எலக்ட்ரான் வோல்ட் துகளில் 5 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தைக்கூட அது பிரித்துச் சொல்லிவிடும்.

இந்த இடத்துக்கு வர எத்தனை அடி! இதே வகைக் கருவியோடு ஜப்பான் 2000-இல் ஏவிய செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2005-இல் சுசாகு செயற்கைக்கோளில் கருவியைக் குளிர்விக்கும் ஹீலியம் சில வாரங்களில் தீர்ந்தது. 2016-இல் ஹிட்டோமி செயற்கைக்கோள் ஒன்றரை மாதத்துக்குள் உடைந்துபோனது. அதற்குள் பெர்சியஸ் விண்மீன் திரள்கூட்டத்தின் கொதிக்கும் வாயுவைப் பார்த்து, அதன் கொந்தளிப்பு நொடிக்கு சுமார் 164 கிலோமீட்டர்தான் என்று சொல்லிவிட்டது. எதிர்பார்த்ததைவிட அமைதி!

ரிசால்வின் மூடி விண்வெளியில் திறக்கவில்லை. குறைந்த ஆற்றல் கதிர்கள் உள்ளே வருவதில்லை. ஆனாலும் இரும்பின் நிறமாலைக் கோடுகளை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கருவி விண்வெளியில் இன்று வேறில்லை.