களம் என்பது பின்னணியா? திருப்பூர் நாவல்களும் விமர்சனச் சொற்களும்

புனைவைப் பற்றிப் பேசும்போது நாம் புழங்கும் சொற்களில் மிகவும் தேய்ந்துபோனது 'களம்'. 'பனியன் தொழிலைப் பின்னணியாகக் கொண்ட நாவல்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மதிப்புரைக்காரர் நகர்ந்துவிடுகிறார். வகுப்பறையிலும் இடம், காலம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். திருப்பூர் வட்டாரத்து நாவல்களுக்கு இது பெரிய அநியாயம்.

மற்றச் சொற்கள் அவ்வளவு சிக்கலானவை அல்ல. கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் தெளிவாக்கிவிட்டார்: அடுத்து என்ன நடந்தது என்பது கதை, ஏன் நடந்தது என்பது பின்னல். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) இதற்கு நல்ல பாடம். கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்கிறாள், கொழுந்தன் மறுக்கிறான், கொலையில் முடிகிறது. கதை இவ்வளவுதான். கெட்டியப்பன் என்பவனின் தூண்டுதலும், ஊருக்குள் இருக்கும் பகையும், யாருக்கும் அடங்கிப்போகாத அவளுடைய சுபாவமும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதுதான் பின்னல். நாகம்மாளை நல்லவள், கெட்டவள் என்று ஒரு பக்கம் ஒதுக்கவும் முடியாது. ஃபார்ஸ்டர் சொன்ன முழுமைப் பாத்திரம் அவள்.

களத்துக்கு மட்டும் நாம் தொல்காப்பியத்திடம் போக வேண்டும் என்பேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். அந்த நிலத்து மனிதருக்கு உரிய உணர்வொழுக்கம் உரிப்பொருள். இன்றைய பாடநூல்கள் நாவலின் மையக் கருத்தைக் 'கருப்பொருள்' என்பதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். பழைய முறைப்படி அது உரிப்பொருளுக்கு அருகில் வரும். அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணம் நாவலுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் சேர்த்துப் பார்ப்பதுதான் அதன் பலம். 1930களில் ருஷ்ய அறிஞர் மிகயீல் பக்தின், நாவலில் காலமும் வெளியும் பிரிக்க முடியாதவை என்று எழுதியதும் இதையே ஒட்டி வருகிறது.

திருப்பூரில் பொழுது என்பது என்ன? ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம், தீபாவளி போனஸ், ஏற்றுமதி ஆர்டருக்குக் கப்பல் ஏற்ற வேண்டிய தேதி. ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பொழுதுதான் உறவையும் தூக்கத்தையும் கோபத்தையும் தீர்மானிக்கிறது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004) ஐந்து நண்பர்களின் வாழ்க்கையை இந்த ஊரோடு சேர்த்தே வளர்க்கிறது. ஊரைக் கழற்றிவிட்டால் அந்த நட்பும் பிரிவும் வேறு கதையாகிவிடும். களம் பாத்திரங்களைச் செய்யும் இடம் இது.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998) குறியீட்டையும் களத்தையும் ஒன்றாக்கிவிட்ட நாவல். சாயம் அங்கே கண்ணெதிரே ஓடுகிற கழிவு. மனிதர்களுக்கு நடுவே விழுந்த திரையும் அதுவே. பொருளாக நின்று உறுத்துவதால்தான் குறியீடாகவும் அது நிற்கிறது. நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவுத் தேக்கமானது. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். நாவல் அதற்குப் பதின்மூன்று ஆண்டு முந்தியது.

நோக்குநிலையின் வலிமையும் இந்த ஆற்றங்கரையில்தான் புரியும். சிவப்பாக ஓடும் தண்ணீரைப் பட்டறை முதலாளி பார்த்தால் அது முடிந்த ஆர்டர். கூலிக்காரருக்கு இந்த வாரம் வேலை உண்டு என்ற நிம்மதி. கீழே கிணறு வைத்திருக்கும் விவசாயிக்குக் கருகப்போகும் தென்னை. யார் கண்ணால் சொல்கிறோம் என்று தேர்ந்த உடனேயே, எந்த நியாயத்தை முதலில் காட்டுவது என்பதையும் எழுத்தாளர் முடிவுசெய்துவிடுகிறார்.

இன்று திருப்பூர் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். அவர்கள் கண்ணால் இந்த ஊரைப் பார்க்கும் பெரிய தமிழ் நாவல் நமக்கு வேண்டும். அது வரும்போதாவது, மதிப்புரை எழுதுகிறவர்கள் 'பின்னணி' என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.