பந்தை எண்ணுங்கள்

2025 ஜனவரி 4, சிட்னி டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் பத்து ஓவர் வீசியிருந்த பும்ரா, கேப்டன் பொறுப்பைக் கோலியிடம் விட்டுவிட்டு வெளியேறினார். முதுகை ஸ்கேன் செய்யக் காரில் புறப்பட்டார். மறுநாள் 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா எட்டியபோது அவர் ஒரு பந்தும் வீசவில்லை.

உடனே டீக்கடைத் தீர்ப்பு வந்துவிட்டது: "கபில்தேவ் 131 டெஸ்ட் ஆடலையா? இப்போ ஜிம், பிசியோ எல்லாம் இருந்தும் படுத்துக்கறாங்க." கபிலின் முதுகு கபிலுக்கு வாய்த்தது. அந்தக் காலத்தில் முதுகு உடைந்து காணாமல் போனவர்களை நாம் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். சிட்னிக்கு முந்தைய மெல்போர்ன் டெஸ்டில் மட்டும் பும்ரா 53.2 ஓவர் வீசினார். ஐந்து நாளில் 320 பந்து. நடுவில் கிடைத்த ஓய்வு மூன்றே நாள்.

ஒவ்வொரு பந்துக்கும் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை ஸ்லோமோஷனில் பார்த்தால் பகீரென்றிருக்கும். ஓடிவந்த வேகமெல்லாம் ஊன்றிய முன்காலில் முட்டி நிற்கிறது. உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை பாதத்தில் இறங்கி, முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. வலக்கை வீச்சாளருக்குக் கீழ்முதுகின் இடப்பக்கத்து எலும்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரே பந்தில் விழுகிற விரிசல் இல்லை. தினமும் விழும் நுண்கீறல்களை எலும்பு தானே ஆற்றிக்கொள்ளும். ஆறும் வேகத்தை மிஞ்சி வீசினால்தான் உடையும்.

தசையும் மூச்சும் சில வாரத்தில் தயாராகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். ஜிம்மில் எவ்வளவு எடை தூக்கினாலும், பந்து வீசிப் பழகாத முதுகு ஸ்பெல்லைத் தாங்காது. அதனால் முழு ஓய்வும் ஆபத்துதான். ஐபிஎல்லைப் பாருங்கள்: 14 லீக் ஆட்டத்திலும் முழுதாக வீசினாலும் 56 ஓவர்தான். அதை முடித்துக்கொண்டு நேரே டெஸ்டுக்குப் போய் ஒரே நாளில் இருபது ஓவர் வீசச் சொல்வது, என் கணக்கில், திட்டமிட்டுக் காயப்படுத்துவது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து உடற்பயிற்சி ஆய்வாளர் பிராங்க் பைக்கின் மேற்பார்வையில் உடம்பைப் படிப்படியாகக் கட்டினார். ஓட்டத்தையும் வீச்சையும் திருத்தினார். 355 விக்கெட்டோடுதான் ஓய்வு பெற்றார். 1987இல் சென்னை எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷனுக்குப் பயிற்சியளிக்க வந்தவரும் அவர்தான். பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011இல் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் ஆட்டநாயகன் விருதோடு அறிமுகமானார். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் முதுகு பலமுறை படுத்தியது. பதின்வயதில் கீழ்முதுகு எலும்பு இன்னும் முற்றியிருக்காது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

நம்மூர் அகாடமிகளில் காலையில் நெட், மதியம் ஸ்கூல் மேட்ச், ஞாயிற்றுக்கிழமை லீக் என்று 15 வயதுப் பையன்கள் வீசித் தள்ளுகிறார்கள். நெட்டில் வீசியதை யாருமே எண்ணுவதில்லை. பயிற்சியாளர்களே, பெற்றோரே, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இன்று எத்தனை பந்து, போன வாரம் எத்தனை என்று எழுதி வையுங்கள். இந்த வார எண் திடீரென்று எகிறினால் பையன் கையிலிருந்து பந்தை வாங்கிவிடுங்கள். பின்னால் வளையும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால் தைலம் தேய்க்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.