துணைப் படைப்பும் இரக்கத்தின் எல்லையும்: டோல்கீனின் கற்பனை உலகம் பற்றிய ஒரு திறனாய்வு

தமிழ்க் கிறிஸ்தவ வாசகர்க்குக் கற்பனை உலகம் புதியதன்று. ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதை 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் நம் இல்லங்களுக்குள் வந்தது. அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாயிற்று. ஆயினும் பன்யனின் உலகில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒரு போதனையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொருள் விளங்கியபின் இடத்தை மறந்துவிடலாம். ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெருங்கதை இதனின்று முற்றிலும் வேறுபட்டது. தம் நூல் உருவகக் கதையன்று என அவரே மறுத்துரைத்தார். அங்கே மலை மலையாகவே நிற்கிறது. எனினும் வாசகன் அதனை மறப்பதில்லை.

நம் சபைகளின் இளைஞர் பலர் இத்தகைய நூல்களை விரும்பிப் படிக்கின்றனர். ஆயர்களுள் சிலர் இவற்றை மந்திரக் கதைகள் என்று கண்டிக்கின்றனர். வேறு சிலர் பொழுதுபோக்கு என்று புறக்கணிக்கின்றனர். இவ்விரண்டும் போதுமானவையல்ல. இக்கவர்ச்சியின் ஊற்று யாது, அதனை இறையியல் நோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே ஈண்டு நம் வினா.

உலகைப் படைத்தல்

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அவர் முதலில் புனைந்தது கதையன்று, மொழிகளே. ஃபின்னிய மொழியின் ஓசையில் ஈடுபட்டு ஒரு மொழியையும், வெல்ஷ் மொழியின் ஓசையைத் தழுவி மற்றொன்றையும் உருவாக்கினார். அவற்றைப் பேச மக்கள் வேண்டியிருந்தது; மக்களுக்கு வரலாறு வேண்டியிருந்தது. ஆகவே கதைமாந்தர் ஓர் இடிந்த கோட்டையைக் கடந்து செல்லும்போது, அதனைக் கட்டியவர் யார் என்பதை ஆசிரியர் அறிந்திருக்கிறார் என நாம் உணர்கிறோம். கதை சொல்லப்படுவதற்கு முன்னரே அவ்வுலகம் இருந்ததுபோலத் தோன்றுகிறது. வாசகனை ஈர்த்து நிறுத்துவது இந்த ஆழமே.

1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் இதற்கு ஓர் இறையியல் அடிப்படை தந்தார். மனிதன் படைப்பவரின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆதலின் அவனும் படைக்கிறான். அவன் படைப்பு இறைவனின் படைப்புக்குக் கீழ்ப்பட்ட துணைப் படைப்பு. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உயிரினங்களுக்குப் பெயரிடும் பணி ஆதாமிடம் விடப்படுவதை இங்கு நாம் நினைக்கலாம். எதிர்பாராது வாய்க்கும் மகிழ்ச்சியான திருப்பமே இத்தகைய கதைகளின் உச்சம் என்றும், வரலாற்றிலேயே நிகழ்ந்த அத்தகைய திருப்பம் சுவிசேஷம் என்றும் அவர் கருதினார்.

மாந்தரும் அருளும்

இக்கருத்து கதைமாந்தரில் எவ்வாறு உருப்பெறுகிறது? தீய மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கும் பணி ஃப்ரோடோ என்னும் எளியவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. பெருந்துன்பத்தினூடே அவன் அவ்விடத்தை அடைகிறான், அடைந்தவுடன் தோற்றுப்போகிறான். மோதிரத்தை எறிய மறுத்துத் தனக்கென்று அணிந்துகொள்கிறான். அதன்மேல் பேராசை கொண்ட கொல்லம் அவனுடைய விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, அதனோடு நெருப்பில் வீழ்கிறான். கொல்லம் அதுவரை உயிரோடிருந்ததற்குக் காரணம் யாது? முன்னொரு நாள் பில்போ அவனைக் கொல்லாது விட்டான். பின்னர் ஃப்ரோடோ இரங்கினான். இறுதியில் சாமும் வாளை ஓங்கிவிட்டுத் தயங்கினான். வீரத்தால் முடியாததை முன்பு காட்டிய இரக்கம் முடித்துவைத்தது.

கிரியையினாலன்று, கிருபையினாலேயே என்று அறிக்கையிடும் நமக்கு இது அந்நியமன்று. ஆசிரியர் ரோமன் கத்தோலிக்கர் என்பதும் இதற்குத் தடையன்று. கதையில் ஆலயமில்லை, அருளுரையில்லை. கிருபை ஒரு கோட்பாடாக விளக்கப்படாமல் ஒரு நிகழ்ச்சியாக நேரிடுகிறது. நாம் அருளுரையில் உவமையைச் சொல்லி முடிக்குமுன்பே அதன் பொருளை விளக்க விரைகிறோம். இப்பழக்கத்தை இக்கதை மௌனமாகக் கடிந்துகொள்கிறது.

இரக்கம் எட்டாத இடம்

ஆயினும் இவ்வுலகில் ஒரு பெரும் பிளவு உண்டு. தீமை எதையும் புதிதாகப் படைக்க இயலாது, உள்ளதைச் சிதைக்கவே இயலும் என்பது டோல்கீனின் உறுதி. தீமை என்பது நன்மையின் குறைவே என்ற அகஸ்டீனின் போதனையோடு இது இயைகிறது. அங்ஙனமாயின் இருளரசனின் படையிலுள்ள ஓர்க்குகள் யார்? ஆசிரியர் 1973-இல் மறைந்தபின் 1977-இல் வெளிவந்த 'சில்மரில்லியன்', சிறைப்பட்ட எல்ஃபுகள் வதைக்கப்பட்டு உருமாறியவர்களே அவர்கள் எனக் கூறுகிறது. சிதைக்கப்பட்டவரெனில் அவர்கள் மீட்கப்படக்கூடியவரும் ஆவரன்றோ? ஆனால் கதையில் ஓர் ஓர்க்கும் மனந்திரும்பவில்லை. கொல்லத்திற்குக் கிடைத்த இரக்கம் அவர்களுள் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. டோல்கீன் தம் இறுதி ஆண்டுகளிலும் இவ்வினாவை மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்தார். நிறைவான விடை காணவில்லை. அவருடைய உலகின் ஒழுங்கு குலையும் இடமும், இறையியல் தடுமாறும் இடமும் ஒன்றே என்பது கருதத்தக்கது.

பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைத் தீயோர் எனவும் தீண்டத்தகாதோர் எனவும் தள்ளிய சமுதாயத்தில் ஊழியம் செய்யும் நாம் இதனை எளிதாகக் கடந்துவிட இயலாது. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இருளரசனுக்குத் துணைவரும் மனிதர்கள் கருநிறத்தவராகக் காட்டப்படுவதையும் நாம் கவனிக்கிறோம். வீழ்ந்து கிடக்கும் தென்னாட்டு வீரன் ஒருவனைக் கண்டு, இவன் உண்மையில் தீயவனா, எந்தப் பொய் இவனை வீட்டைவிட்டு அழைத்து வந்தது என்று சாம் எண்ணுகிறான். நூலின் மிகச் சிறந்த கணங்களுள் அஃது ஒன்று. ஆனால் அந்த ஐயம் ஓர்க்குகளிடம் நீளவில்லை.

அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதன் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனைத் துரத்தும் நிழல், அவனே செருக்கினால் அவிழ்த்துவிட்டது. முடிவில் அதற்குத் தன் பெயரையே சூட்டி அழைக்கிறான். பகைவன் வேற்றினத்தான் அல்லன், தானே என்ற அறிக்கை அது. லெ குவின் கிறிஸ்தவர் அல்லர். தாவோ நெறியில் ஈடுபாடு கொண்டவர். எனினும் பாவ அறிக்கையின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் கதைகள் சிலவே. ஆனால் அங்கே விடுதலை பெரிதும் தன்னை அறிவதால் வருகிறது. டோல்கீனிடம் அது எதிர்பாராத வழியில், தோற்றவனுக்கும் அருளப்படுகிறது. ஒருவரின் குறையை மற்றவர் காட்டித் தருகிறார்.

ஆகவே இந்நூல்களை இளைஞரிடமிருந்து பறிப்பதும் வேண்டா, கேள்வியின்றிப் புகழ்வதும் வேண்டா. அவர்களோடு அமர்ந்து படிப்போமாக. இவ்வுலகில் இரக்கம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று அவர்களிடம் கேட்போமாக. அதே வினாவை அவர்கள் நம் திருச்சபையை நோக்கித் திருப்பிக் கேட்பின், அதற்கு விடையளிக்க ஆயத்தமாயிருப்பதும் நம் கடமையாகும்.