ஒரு வழக்கும் ஒரு ஜனமும்

'ஜெய் பீம்' (2021) படத்தைப் புகழ்ந்தவர்களில் பலரும் வக்கீலைத்தான் புகழ்ந்தார்கள். நான் செங்கேணி பக்கம் நின்று பேசுகிறேன்.

முதல் காட்சியிலேயே படம் அரசியலைச் சொல்லிவிடுகிறது. சிறைவாசலில் சாதி கேட்கிறார்கள். ஆதிக்க சாதிக்காரன் வீட்டுக்குப் போகிறான். பழங்குடி ஆட்கள் பழைய கேசுகளுக்குக் கணக்குக் காட்ட மறுபடி போலீசிடம். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் காகிதத்தில் செத்துப்போச்சு, ஸ்டேஷனில் சாகலை. அதற்குப் பிறகு படத்தின் கனம் முழுக்க ஒரே வழக்கின்மேல் விழுகிறது.

அது குறையில்லை. புருஷன் எங்கேன்னு கேட்கிற பொம்பளைக்கு முதலில் பதில் வேணும். ஆட்கொணர்வு மனு ஒருத்தரைத் தேடித்தான் போட முடியும். 'அமைப்பு மாறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிற தோழர்களிடம் எனக்குப் பொறுமையில்லை. ஆனால் ஒரு நல்ல வக்கீல், ஒரு நல்ல ஐ.ஜி. இருந்தால் போதும் என்கிற நிம்மதியைப் படம் தந்துவிடுகிறது. அதுதான் குறை. பழங்குடிச் சான்றிதழுக்காக ஜனங்களோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறவன் நான். ஒரு பிள்ளைக்கு வாங்கினால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மறுபடி முதலிலிருந்து மனு. நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனால் கதவு சாத்திக்கொள்கிறது.

நிஜத்தில் இது 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2006இல். அத்தனை வருஷமும் விடாமல் நின்றவர் பார்வதி. அவர் புருஷன் ராஜாக்கண்ணு குறவர். படம் அவரை இருளராக்கியது. குறவர் மக்கள் இதைக் கேள்வி கேட்டது நியாயம். உனக்காகப் பேசுகிறேன் என்று வருகிறவர் உன் பேரை மாற்றலாமா?

ஒருத்தருக்கான குரல் எல்லாருக்குமான விதியாக முடியும். காவல் சாவுகள் பற்றி 1986இல் டி.கே. பாசு உச்சநீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தால்தான், கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்யணும் என்று 1996இல் கட்டளைகள் வந்தன. அவை இருக்கும்போதே 2020இல் சாத்தான்குளமும் நடந்தது. விதி வந்தாலும் அதைக் கேட்டு வாங்க ஜனம் திரண்டு நிற்கணும். ஒவ்வொரு மனுவையும் ஊர்க்கூட்டத்தில் படிக்கணும். இனி யாருக்கும் இது நடக்காமலிருக்க எது மாறணும் என்று அதிலேயே எழுதணும்.

கடைசியில் சிறுமி கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாள், வக்கீல் பக்கத்தில். வக்கீல் இல்லாத நாளிலும் ஊர்த்தெருவில் அவள் அப்படி உட்காரணும். நாம் கேட்பது அதைத்தான்.