கூலிக்கு எழுதப்படும் வானம்
தொலைக்காட்சித் தொடர்வழி நாவல்களும் ஜீனோவும்: சில குறிப்புகள்

தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறக்கும் நாவலை இலக்கியம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தீவிர இலக்கியக்காரர்களுக்கு அது வணிகக் குப்பை. முற்போக்கு முகாமுக்கு அது ஏகாதிபத்தியப் பண்பாட்டின் மிட்டாய். இரண்டு தரப்புமே புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் புகார். எழுத்து, உழைப்பு, உடைமை மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆசிரியன் என்பவன் யார் என்று இருபது வருஷம் கோட்பாடு பேசிய நாம், அந்தக் கேள்விக்குச் சம்பளப் பட்டியலோடு பதில் கிடைக்கும் இந்த இடத்தை மட்டும் தொடவே இல்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் 1966இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மறு வருஷமே அதன் கதைகளைச் சிறுகதைகளாக்கி ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய முதல் தொகுப்பு வந்துவிட்டது. பிளிஷ் ஹ்யூகோ பரிசு பெற்ற நாவலாசிரியர். கைக்கு வந்ததை எழுதித் தள்ளும் ஆள் அல்ல. அவர் முன்னால் இருந்தவை படப்பிடிப்புக்கு முந்திய திரைக்கதைப் பிரதிகள். எனவே அவர் எழுதிய கதைக்கும் திரையில் வந்த கதைக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. எது மூலம், எது நகல்? படத்தைப் பார்த்துத்தான் புத்தகம் எழுதப்படுகிறது என்ற நம் எண்ணமே இங்கே ஆட்டங்காண்கிறது. 1970இல் அதே பிளிஷ், தொடரில் இல்லாத புதுக்கதை ஒன்றை ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ என்ற நாவலாக எழுதினார். பாத்திரங்கள் இன்னொருவர் சொத்து, கதை பிளிஷுடையது என்ற இரட்டை நிலை அங்கே தொடங்குகிறது.

ஆலன் டீன் ஃபாஸ்டரின் கதை இன்னும் தெளிவானது. 1973–74இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ கார்ட்டூன் தொடரின் 22 அத்தியாயங்களை அவர் பத்துப் புத்தகங்களாக எழுதினார். முதல் ஆறில் புத்தகத்துக்கு மூன்று அத்தியாயங்கள். கடைசி நான்கில் ஒரு புத்தகத்துக்கு ஒரே அத்தியாயம். அரைமணி நேரக் கார்ட்டூனை முழு நாவலாக்க வேண்டுமானால் மிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது? எழுதுகிறவனின் மண்டையிலிருந்துதான். அந்த மிச்சமும் கம்பெனிக்கே சொந்தமாகிறது. 1976இல் ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலையும் ஃபாஸ்டர்தான் எழுதினார். அட்டையில் இருந்தது ஜார்ஜ் லூகாஸின் பெயர். பிற்பாடு லூகாஸின் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியது. ஃபாஸ்டருக்கு வரவேண்டிய ராயல்டி வரவில்லை. 2020 நவம்பரில் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் இதைப் பகிரங்கமாக்கியது. உரிமைகளை மட்டும்தான் வாங்கினோம், கடப்பாடுகளை வாங்கவில்லை என்பதே டிஸ்னி தரப்பு வாதம் என்று சங்கம் எடுத்துச்சொன்னது. வீட்டை வாங்குவேன், வீட்டின்மேல் இருக்கிற கடனை ஏற்கமாட்டேன் என்கிற நியாயம்! சங்கம் விடவில்லை, அடுத்த வருஷம் ஃபாஸ்டரின் பிரச்சினை தீர்ந்தது. தனியாளாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்குமா என்பதைச் சங்கம் கட்டிய அனுபவமுள்ள தோழர்கள் யோசிக்கலாம்.

பிரிட்டனில் வேறு கதை. ‘டாக்டர் ஹூ’வின் பழைய நாடாக்கள் பலவற்றை பி.பி.சி. அழித்துவிட்டது. நாடா விலை கூடுதல், மறு ஒளிபரப்புக்குத் தேவையில்லை என்ற கணக்கு. 1973 முதல் டார்கெட் பதிப்பகம் மலிவு விலையில் அத்தொடரின் கதைகளை நாவல்களாகப் போட்டது. டெரன்ஸ் டிக்ஸ் என்கிற ஒருவர் மட்டும் அறுபதுக்கும் மேல் எழுதினார். வீடியோ கேசட் வீட்டுக்கு வராத காலத்தில் ஒரு சந்ததிக்கு அந்தத் தொடரே இந்தப் புத்தகங்கள்தான். மூலம் அழிந்து, குப்பை என்று சொல்லப்பட்டது ஆவணமாக நின்றது.

மூன்றாவது ஒரு தரப்பும் உண்டு. 1967இல் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற உருட்டச்சுப் பத்திரிகையை இரண்டு பெண்கள் கொண்டுவந்தார்கள். நம் சிற்றிதழ்களின் அதே கோலம்தான்: கைக்காசு, நண்பர் வட்டம், தபால். எழுபதுகளில் இந்த வட்டங்களிலிருந்த பெண்கள், கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் காதலர்கள் என்று கதை எழுதினார்கள். தொலைக்காட்சி அனுமதிக்காத ஆசையை அதன் பாத்திரங்களைக் கொண்டே எழுதிய இச்செயலை ஜோவன்னா ரஸ் போன்ற பெண்ணிய எழுத்தாளர்கள் கவனித்து எழுதினார்கள். 1992இல் ஹென்றி ஜென்கின்ஸ் இவ்வாசகர்களை அடுத்தவர் காட்டில் வேட்டையாடுகிறவர்கள் என்றார். கம்பெனி சும்மா இருக்குமா? 1976இலேயே பாண்டம் பதிப்பகம் ரசிகர்கள் எழுதிய கதைகளில் தனக்கு உவப்பானவற்றைத் தொகுத்து விற்றுவிட்டது.

இதையெல்லாம் நெய்யூரில் இருக்கிறவன் எதற்குப் பேசுகிறான்? டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டே விட்டார்: “நமக்கும் இதுக்கும் என்ன வே சம்பந்தம்? நம்ம ஆளுக்கு ஜீனோ ஒண்ணுதானே!”

ஜீனோ ஒன்றுதான், பிரச்சினையும் அங்கேதான். எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. மேற்கில் திரையிலிருந்து புத்தகம். இங்கே பத்திரிகையிலிருந்து திரை. எங்கள் பக்கம் ஆண்டெனா திருவனந்தபுரம் பார்த்து நின்ற வீடுகள் அதிகம். ஜீனோ பலருக்கும் வந்துசேர்ந்தது விகடன் பக்கங்களைக் கிழித்துத் தைத்து பைண்டு பண்ணிய புத்தகமாகத்தான். வாசகர் தம் கையால் செய்த பதிப்பு அது. ஆனால் அதற்கு மேல் நகரவில்லை. ஜீனோவை வைத்து இன்னொருவர் எழுதும் மரபு தமிழில் உருவாகவில்லை.

உருவாகியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். காரணத்தைப் பிரதிக்குள்ளிருந்தே சொல்கிறேன். 2021–22இல் நடப்பதாகச் சொல்லப்படும் அக்கதையில் சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி. பெயர்கள் நிலா, சிபி, ரவி, மனோ என இரண்டெழுத்து. பிள்ளை பெற நிலாவுக்கு அரசின் அனுமதி வேண்டும். கடைசியில் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிகிறது. அதிகாரத்துக்கு உடல் இல்லை, காட்சிதான் உண்டு என்ற இந்த இடம் தமிழ் வெகுஜன எழுத்தில் அபூர்வம். ஆனால் அந்த இந்தியாவில் சாதி எங்கே போயிற்று? ஊர்ப்பெயரும் அப்பன் பெயரும் போன இரண்டெழுத்துக்குள் அது அழிந்ததா, ஒளிந்துகொண்டதா? பிரதி மௌனம். உடலுக்கு அரசிடம் அனுமதி வாங்குவது இந்த மண்ணுக்கு விஞ்ஞானக் கற்பனை அல்ல. 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பில் போய் நின்றது. அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் நாடார் பெண்களுக்கு அனுமதி. நிலாவின் கதையை இந்த ஊர்ப் பெண் ஒருத்தி எழுதியிருந்தால் ஜீவாவின் ஆட்சி வேறு மாதிரி தெரிந்திருக்கும். அதைச் சுஜாதா எழுதவில்லை என்று குறைசொல்வதில் பிரயோஜனமில்லை. வேறொருவர் எழுத வாசல் இல்லை என்பதுதான் கேள்வி.

வாசல் இல்லாத மரபா நம்முடையது? இந்த மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் நடக்கும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைகிறார்கள். வால்மீகியும் கம்பனும் அறியாத ஆட்கள். பெரிய இடத்துக் கதைக்குள் புகுந்து, ஊர் வழக்கில் பேசி, ராஜாக்களைக் கேலிசெய்துவிட்டுப் போகிறார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் உரிமை கோரவில்லை. அடுத்தவன் உலகத்துக்குள் போய் எழுதுவது நமக்குப் பழக்கமான வேலைதான்.

இடையில் வந்து நிற்பது சட்டமும் சந்தையும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையில் இருப்பவன் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். 2012 திருத்தம் சினிமாவில் இடம்பெறும் எழுத்துக்கும் பாட்டுக்கும் ராயல்டிப் பங்கை எழுதித் தந்துவிட முடியாதபடி காத்தது. போராடிக் கிடைத்தது அது. இன்று தொலைக்காட்சிக்கும் இணையத் தொடருக்கும் எழுதும் நம் நண்பர்கள் எத்தனையோ பேர், ‘எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும்’ என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரிக்குள் நாவலும் அடக்கம், பாத்திரமும் அடக்கம்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள் ஒன்றாகவே எழ வேண்டும். கூலிக்கு எழுதுகிறவனுக்குக் கூலியும் பெயரும் முழுசாக வேண்டும். கூலி வாங்காமல் எழுத விரும்பும் வாசகருக்குக் கதைக்குள் நுழைய வழி வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால் எழுத்தாளர் சங்கம் உடைமையாளர் சங்கமாகிவிடும். இரண்டாவதை மட்டும் கேட்டால் கம்பெனிக்கு ஓசி உழைப்பு கிடைக்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல் எப்படி எழுப்புவது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், இட மறுத்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும்.