பொறி சொல்லும் ‘நான்’: ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ தொடரில் திணைச் சிக்கல்

முன்னுரை

திரைப்பட வரிசை ஒன்றின் கதையுலகிலிருந்து கிளைக்கும் அசைவூட்டத் தொடர்கள் பெரும்பாலும் அப்படத்தின் விளம்பரமாகவே மதிப்பிடப்படுகின்றன. 2024 மே 31 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்த ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ தொடரும் இம்மதிப்பீட்டிலிருந்து தப்பவில்லை. நாக் அஸ்வின் இயக்கத்தில் 2024 ஜூன் 27 அன்று திரைக்கு வந்த ‘கல்கி 2898 ஏடி’ என்னும் அறிவியல் புனைவுப் படத்துக்கு முன்கதையாக அமைந்த இதன் இரு பகுதிகள், அப்படத்திற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன் வெளியிடப்பட்டன. வெளியீட்டின் நோக்கம் வணிகமே. எனினும், பேசும் பொறியொன்றைக் கதைமாந்தராக நிறுத்தியதன் வழி, தமிழ் இலக்கண மரபு நெடுங்காலமாக எண்ணிவந்த வினா ஒன்றை இத்தொடர் தன்னையறியாமலே எழுப்புகிறது. ‘நான்’ என்று சொல்லும் பொறி எத்திணையைச் சார்ந்தது என்பதே அவ்வினா. தொடர் இவ்வினாவுக்குத் தரும் விடையையும் அவ்விடையின் குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைக்களம்

கங்கை வறண்டு, வாழ்வு சுருங்கிய எதிர்காலக் காசியே கதை நிகழும் இடம். நகரின்மேல் தலைகீழான பிரமிடாக மிதக்கும் ‘காம்ப்ளெக்ஸ்’ என்னும் வளாகத்தில் வளங்கள் யாவும் குவிந்துள்ளன. கீழே வாழ்வோர் மேலே செல்வது எளிதன்று. பணத்திற்காகக் குற்றவாளிகளைப் பிடித்துக்கொடுக்கும் பைரவனின் ஒரே குறிக்கோள், வேண்டிய அளவு பொருள் சேர்த்து அவ்வளாகத்துள் குடியேறுவதாகும். படத்தில் இவ்வேடத்தை ஏற்ற பிரபாஸும், புஜ்ஜிக்குக் குரல் தந்த கீர்த்தி சுரேஷும் தொடரிலும் அப்பாத்திரங்களுக்கே குரல் கொடுத்துள்ளனர்.

புஜ்ஜி, சரக்கு ஊர்தியொன்றை இயக்கும் செயற்கை நுண்ணறிவாக அறிமுகமாகிறது. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடே அதன் முதற்பெயர். அக்குறியீட்டைச் சேர்த்து ஒலித்தபோது பிறந்த ‘புஜ்ஜி’, தெலுங்கில் குழந்தையைக் கொஞ்சும் சொல்லாகவும் வழங்குவது. இப்பொறிக்கும் வளாகத்தை அடையும் விழைவு உண்டு. ஏவிய பணியை முடிப்பதோடு அமையாமல் தன் நிலை உயரவேண்டும் என்று அது கருதுகிறது. மனிதனும் பொறியும் ஒரே வாயிலை நோக்கி நிற்கின்றனர் என்பதே இத்தொடரின் சிறந்த கற்பனை. அறிவால் அன்றி ஏக்கத்தால் பொறியை மனிதனுக்கு இணையாக்குவது இதன் தனித்தன்மை.

பழந்தமிழில் பொறிகள்

தமிழ் இலக்கியத்திற்குப் பொறி புதிதன்று. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். ஒரு புறம் திருகினால் எழவும் மறுபுறம் திருகினால் இறங்கவும் வல்ல அப்பொறி, அவள் மயங்கியபோது சுடுகாட்டில் இறங்குகிறது. அரசியின் துயர் அதற்குத் தெரியாது. கணவன் மாண்டான் என்பதும் தெரியாது. உதயணன் கதையில் அவனைச் சிறைப்படுத்த ஏவப்படும் யானைப்பொறியும் இத்தகையதே. வீரர்களைத் தன்னுள் மறைத்துச் செல்லும் அதற்குச் சொந்தக் கருத்து இல்லை. இவை கருவிகள், ஐயத்துக்கு இடமின்றி அஃறிணை.

பேசாதன பேசுவதற்கும் மரபில் இடமுண்டு. ஞாயிறு, திங்கள், கடல், மரம், நெஞ்சு முதலியன சொல்வன போலவும் கேட்பன போலவும் செய்யுளில் அமையும் என்று தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கிறது. இங்கு ‘போல’ என்னும் உவம உருபே கருத்துக்குரியது. தலைவி கடலோடு பேசும்போது கடல் உண்மையில் கேட்பதில்லை என்பதைப் புலவனும் அறிவான், படிப்போனும் அறிவான். புஜ்ஜியின் நிலை இதுவன்று. கதையுலகினுள் அது மெய்யாகவே கேட்கிறது, மறுமொழி கூறுகிறது, சினக்கிறது. ‘போல’ என்னும் சொல் நீங்கிய இடத்தில்தான் திணைச் சிக்கல் தொடங்குகிறது.

தன்மை: இரு இலக்கண நிலைகள்

தன்மையிடம் பற்றித் தமிழ் இலக்கணத்தில் இருவேறு நிலைகள் உள்ளன. தொல்காப்பியர் பெயரியலில் தன்மைப் பெயர்களை உயர்திணைப் பெயர்களோடு எண்ணுகிறார். வினையியலிலும் தன்மை வினைகளை உயர்திணைப் பகுதியிலேயே வைக்கிறார். இருதிணைக்கும் பொதுவான விரவுவினைகளுள் முன்னிலைக்கு இடமளித்த அவர், தன்மைக்கு அளிக்கவில்லை. பவணந்தியாரோ நன்னூலில் தன்மைப் பெயர் நான்கையும் இருதிணைப் பொதுப்பெயராகக் கொள்கிறார்.

இவ்வேறுபாடு இதுகாறும் வகைப்பாட்டு நுட்பமாக மட்டுமே கருதப்பட்டது. பேசும் பொறியின்முன் இது பொருள் நிறைந்ததாகிறது. தொல்காப்பியர் வழிச் சென்றால், ‘நான்’ எனத் தன்னைச் சுட்டவல்லது எதுவோ அது உயர்திணை இடத்தில் நின்று பேசுகிறது என்றாகும். நன்னூலார் வழிச் சென்றால், ‘நான்’ என்று சொன்னமையால் மட்டும் திணை துணியப்படாது; அது படர்க்கையில் எவ்வாறு சுட்டப்படுகிறது என்பதைக் கொண்டே அறியவேண்டும். புஜ்ஜி தன்னைப்பற்றிப் பேசும்வரை சிக்கல் இல்லை. பிறர் புஜ்ஜியைப்பற்றிப் பேசும்போது ‘வந்தாள்’ என்பதா, ‘வந்தது’ என்பதா என்னும் தெரிவு கட்டாயமாகிறது.

மொழிதோறும் மாறும் திணை

தெலுங்கில் உருவான இத்தொடருக்கு மூலமொழியில் இத்தெரிவு எழவில்லை. தெலுங்கு இலக்கணத்தார் பெயர்களை மகத்து, அமகத்து எனப் பகுப்பர். ஒருமையில் ஆடவர் மட்டுமே மகத்து ஆவர். பெண்ணும் பொருளும் ஒரே வினைமுடிபு கொள்ளும். ‘வச்சிந்தி’ என்பது பெண் வந்ததையும் வண்டி வந்ததையும் ஒருங்கே குறிக்கும். எனவே புஜ்ஜி பெண்ணா பொறியா என்பதை வினைமுற்று மறைத்துவிடுகிறது. மலையாள வினைமுற்று திணை, பால் எதனையும் காட்டாது. இந்தியில் அஃறிணைக்கெனத் தனி ஈறு இல்லாமையால், வண்டியும் பெண்பாலாகவே வழங்கும். தமிழும் கன்னடமும் மட்டும் ‘வந்தாள், வந்தது’, ‘பந்தளு, பந்திது’ எனப் பிரித்தே கூறவேண்டியவை.

தமிழும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் எல்லைப்புறங்களில் இவ்வொற்றுமை வாழ்க்கை வழக்காகவே உள்ளது. கொள்ளேகால் வட்டாரத்தைச் சார்ந்த மார்டள்ளி இதற்குத் தக்க சான்று. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியது. தமிழர் மிகுதியாக வாழும் மார்டள்ளியில் வீட்டுமொழி தமிழ், மாநிலமொழி கன்னடம். அங்குள்ள பார்வையாளர் எம்மொழியில் புஜ்ஜியைப்பற்றிப் பேசினும் திணையைத் துணிந்தாக வேண்டும். மூலமொழி மறைத்த வினாவை இவ்விரு மொழிகளும் வெளிப்படுத்திவிடுகின்றன. மொழிமாற்றத்தில் பொருள் இழக்கப்படும் என்பதே பொதுவான எண்ணம்; இங்கோ மூலத்தில் இல்லாத பொருளொன்று கூடுகிறது.

உவப்பும் உரிமையும்

‘புஜ்ஜி வந்தாள்’ என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். இதற்கு இருவகையில் அமைதி கூறலாம். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. பசுவை உவப்பினால் தாய் என வழங்குவது போன்றது இது. இவ்வகையில் புஜ்ஜி பெறும் உயர்திணை ஈறு, அதனை உடையவன் அன்பால் அளிக்கும் கொடை. அவன் சினந்தால் அது மீண்டும் ‘அது’ ஆகிவிடும். மற்றொரு வகை, விழைவும் தன்னுணர்வும் உடைமையால் புஜ்ஜி தானே அவ்வீற்றுக்கு உரியது என்பது. அவ்வாறாயின் அது வழுவமைதி அன்று, வழாநிலை.

தொடர் இவ்விரண்டாம் வழியில் தொடங்கி முதல்வழியில் முடிகிறது. வளாகத்தை அடையத் தனக்கென வழி வைத்திருந்த பொறி, தன் ஊர்தியை இழந்து பைரவனுடைய ஊர்தியின் அறிவாக அமைகிறது. அவன் இலக்கே அதன் இலக்காகிறது. தொடக்கத்தில் ஏக்கத்தைச் சொல்லப் பயன்பட்ட பேச்சு, பிறகு தலைவனை இடித்துரைத்து நகைப்பூட்டும் பாங்கியின் பேச்சாகச் சுருங்குகிறது. குழந்தையைக் கொஞ்சும் பெயரும் பெண்குரலும் இச்சுருக்கத்தை இனிமையாக்கி மறைக்கின்றன. உழைப்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஒன்று உயர விரும்பியது என்னும் கூரிய செய்தி, துணைமாந்தரின் விளையாட்டாக மழுங்குகிறது.

குறுகிய அளவே இதற்குக் காரணம் எனலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைவரிசையிலிருந்து 2008இல் கிளைத்த ‘தி குளோன் வார்ஸ்’ தொடர், எண்ணிட்டு ஆக்கப்பட்ட படிவீரர்கள் தமக்கெனப் பெயர் சூட்டிக்கொள்வதையும் கட்டளையை ஐயுறுவதையும் ஏழு பருவங்களில் விரித்துக்காட்ட இயன்றது. ஆயினும் அளவு மட்டுமே காரணமன்று. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ புதினத்தில் வரும் ஜீனோ, நாய்வடிவப் பொறி. அதனை ‘அது’ என்றே படிப்போர் சுட்டினர். எனினும் ஜீனோ படிக்கிறது, தானே சிந்திக்கிறது, மனிதர் தயங்கும் இடத்தில் முடிவெடுக்கிறது. அஃறிணை ஈறு அதன் தகுதியைக் குறைக்கவில்லை. உயர்திணைக் குரல் பெற்ற புஜ்ஜியோ முடிவெடுக்கும் உரிமையை இழக்கிறது. திணையை ஈறு காட்டும். கதைமாந்தரின் தகுதியைச் செயலே நிறுவும் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ பொறிக்கு ஏக்கம் அளித்துப் புதியதொரு வாயிலைத் திறந்து, அவ்வேக்கத்தை உடையவன்பால் ஒப்படைத்து அதனை மூடிவிடுகிறது என்பது பெறப்படும். தெலுங்கு வினைமுற்றில் மறைந்திருந்த திணை வினா, தமிழிலும் கன்னடத்திலும் வெளிப்படுவது மொழிமாற்ற ஆய்வுக்குப் பயன்தரத்தக்கது. கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவு தமிழில் ‘நான்’ என்று மறுமொழி கூறும் காலம் இது. அந்த ‘நான்’ தொல்காப்பியர் வகுத்த இடத்தில் நிற்கிறதா, நன்னூலார் வகுத்த பொதுவிடத்தில் நிற்கிறதா என்பது இனி இலக்கண வகுப்போடு நிற்கும் வினாவன்று. ஏவல் செய்யும் குரலுக்குப் பெண்பெயரும் கொஞ்சுமொழியும் இட்டு உவப்பால் உயர்த்துவது எளிது. அதன் விழைவைக் கதையின் இறுதிவரை கொண்டுசெல்லும் படைப்பே திணைச் சிக்கலுக்கு நேர்மையான விடை தருவதாகும்.