ராஜபார்ட் நின்ற இடம்

எங்கள் நாடக மன்றத்தின் ஆண்டு விழா மலருக்குக் ‘கதாநாயகன்’ என்ற பொருளில் எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் இரண்டு தடவை வீடு தேடி வந்துவிட்டார். தலைவர் ஐயாவும் போனில் சொன்னார். பெரியவர்கள் சொல்லைத் தட்ட முடியாது. நாற்பது வருஷம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவன் நான். ஜனங்கள் நாயக வேஷம் கட்டும் ராஜபார்ட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். மேடை ஓரத்தில் தரையோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு நேராகத் தெரிவது அவர் கால்தான். அந்தக் காலைப் பார்த்த கணக்கைத்தான் எழுத முடியும்.

ராஜபார்ட் கட்டுவதில் நமக்குள்ள மூன்று வழிகளை மன்றத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாமே சங்கரதாஸ் சுவாமிகளிடம் போய்ச் சேருகிறவை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரிச்சந்திரனையும் சத்தியவானையும் நமக்கு எழுதிக் கொடுத்த சுவாமிகள், தாம் மேடையேறிய காலத்தில் பேர் வாங்கியது எமனிலும் சனீஸ்வரனிலும் இராவணனிலும்தான். நாயகனுக்கு எதிரே நின்று பார்த்தவருக்குத்தான் நாயகன் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 1867-ல் காட்டுநாயக்கன்பட்டிக் கரிசலில் பிறந்தவர். நமக்கு அடுத்த மண். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் நடத்தியபோது, பாடம் தவறிய பையன் மேடையேற முடியாது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அது பாட ஒழுங்கின் வழி.

செங்கோட்டைக் கிட்டப்பாவின் வழி வேறு. அது குரலின் வழி. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்க வைத்த சாரீரம். 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பிடிக்க முயன்று தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கு மேல் சொல்ல இசையறிந்த பெரியவர்கள் நம் மன்றத்திலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ் வழி. நான் பின்பாட்டுப் பாடிய ராஜபார்ட், என் வாத்தியார், இந்த வழிக்காரர். வாத்தியாரின் படம் இந்த மலரின் முன்பக்கத்தில் இருக்கிறது. அவர் பேரைச் சொல்லி எழுதும் பழக்கம் எனக்கில்லை.

தாஸ் முருகன் வேஷத்தில் வந்து வள்ளியின் தினைப்புனத்தில் கொக்கு விரட்டுகிற பாட்டைப் பாடினால், அந்தக் கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று கிழவிக்கும் தெரியும், வாசலில் நிற்கிற போலீஸுக்கும் தெரியும். அதை எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் நமக்குத் தெற்கே நாகலாபுரத்துக்காரர். 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ பேசும் படத்துக்குப் பாட்டு எழுதியவரும் அவர்தான். பாடியதற்காகத் தாஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் அதே பாட்டைத்தான் பாடினார். மருத்துவர் குலத்தில் பிறந்தார் என்பதற்காக அவரோடு ஜோடி சேர மாட்டேன் என்று சொன்ன நடிகைகள் உண்டு. நம் கலையுலகத்தின் மேல் உள்ள கறை அது. விழா மலர் என்பதற்காக அதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. “உக்காந்தபடி போனாலும், கடைசி வரைக்கும் நின்னவரு அவருதாண்டா” என்பார் வாத்தியார்.

நிற்பது என்ற சொல்லை வாத்தியார் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கலாம். புதிதாக ஒரு பையன் ராஜபார்ட் கட்ட வந்தால் பாடச் சொல்ல மாட்டார். “நில்லு” என்பார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பையன் வேட்டியைச் சரி செய்வான், தலையைக் கோதுவான், காலை மாற்றுவான். “போயிட்டு அடுத்த வருஷம் வா” என்று அனுப்பிவிடுவார். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து வரும், பபூன் ஓர் ஊரிலிருந்து வருவார், இரவு பத்து மணிக்கு மேடையில்தான் சந்திப்பு. எதிராளி என்ன தர்க்கம் எடுப்பார் என்று தெரியாது. நிற்கத் தெரியாதவனுக்கு விடிய விடிய அங்கே வேலை இல்லை.

கட்டபொம்மன் நாடகத்தில் இதை அவர் செய்து காட்டுவார். 1798-ல் கலெக்டர் ஜாக்சன் துரையைப் பார்ப்பதற்காகக் கட்டபொம்மன் குற்றாலத்தில் தொடங்கி ஊர் ஊராகப் பின்னாலேயே போனார். 23 நாள், 400 மைல். கடைசியாக நம் பள்ளிமடை, கமுதி வழியாக ராமநாதபுரம். வாத்தியார் அந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வருவார். பள்ளிமடை என்றதும் திருச்சுழிப் பக்கத்துக் கூட்டம் விசிலடிக்கும். ராமநாதபுரத்தில் துரை நாற்காலியில் இருப்பார். கட்டபொம்மனுக்கு நாற்காலி இல்லை. அங்கே வாத்தியார் வசனமே பேச மாட்டார். கைகளைக் கட்டாமல், இடுப்பில் வைக்காமல், சும்மா தொங்கவிட்டு நிற்பார். நான் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அவர் பெருவிரல் மட்டும் பலகையை அழுத்தும். நகம் வெளுக்கும். அது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்காது. 1959-ல் படம் வந்த பிறகு எல்லா ஊரிலும் சிவாஜி குரலில் ஒரு கட்டபொம்மன் கிளம்பினார். நடிகர் திலகத்தின் மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சமல்ல. அவரும் நாடகத்தில் வளர்ந்தவர். ஆனால் அந்தச் சத்தத்தைப் பிடித்தவர்கள் அந்த நிற்பைப் பிடிக்கவில்லை.

பாலர் கம்பெனியில் வளர்ந்து, சினிமாவில் நாயகனாகி, 1977-ல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆனவரைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். மன்றத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பதால் இத்தோடு விடுகிறேன்.

இன்றைக்கு ஆடுகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நல்ல சாரீரம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடம் தெரிந்தவர்களும் சிலர் இருக்கிறார்கள். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் இந்தக் கை மைக்கைப் பற்றி எழுதாமல் என்னால் முடியாது. முன்பு மைக் நிலையாக இருந்தது, ஆள் அதன் முன்னால் நின்றார். இப்போது வயர் இல்லாத மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரிச்சந்திரன் மேடை முழுக்க நடக்கிறான். மனைவி சந்திரமதியை விற்கும்போது நடக்கிறான். மயானத்தில் நடக்கிறான். ஒரு கை மைக்குக்குப் போய்விட்டால், பிள்ளையின் உடலை எந்தக் கையால் தொடுவது? போன வருஷம் ஒரு ஊரில் ராஜபார்ட் பாதிப் பாட்டில் கீழே இறங்கிக் கூட்டத்துக்குள் போய்க் கை குலுக்கிவிட்டு வந்தார். நான் சுருதியைப் பிடித்தபடி காலியான மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நிலையில்லாமை மேடையோடு நிற்கவும் இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மணவறையில் ஒரு நிமிஷம் நிலையாக இல்லை. கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிறவர் போனைப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு குறளை நின்று சொல்லி முடிப்பதற்குள் நெளிகிறது. கொடுத்த வாக்கில் நிற்பது, பட்ட கடனுக்குப் பதில் சொல்லி நிற்பது, இழவு வீட்டில் கடைசி ஆள் போகும்வரை நிற்பது எல்லாம் இந்த வறண்ட சீமையில் சாதாரண மனுஷனுக்கே இருந்த குணம். அது போனதற்கும் கை மைக் வந்ததற்கும் சம்பந்தமில்லை என்று என் பேரன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிற்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 1986 சித்திரை. நரிக்குடி சாலையில் ஒரு ஊரில் அரிச்சந்திரா. இரண்டு வருஷமாகக் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பேசிய தொகையில் பாதிதான் திரண்டது என்று ஊர்ப் பெரியவர் வாத்தியாரிடம் தலையைக் குனிந்து சொன்னார். “இருக்கட்டுங்கய்யா, முழு நாடகமும் உண்டு” என்றார் வாத்தியார். இரவு இரண்டரைக்கு, மயான காண்டம் எடுக்கிற நேரம், கோடை மழை இறங்கியது. மைக் செட்டுக்காரர்கள் ஆம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜனம் மழையில் ஆடிக்கொண்டே கண்மாய்ப் பக்கம் போய்விட்டது. நான் என் மேல்துண்டை எடுத்து ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை மூடினேன். மேடையில் ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ். கீழே ஒரு தார்ப்பாய்க்கு அடியில் ஆறு கிழவிகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, “ஏன்ய்யா, சந்திரமதி இன்னும் வரலையே?” என்று கேட்டாள்.

வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் துண்டை எடுத்துவிட்டு நாலு கட்டையில் சுருதி வைத்தேன். மைக் இல்லாமல், மழைச் சத்தத்துக்கு மேலே, காண்டம் முழுவதையும் பாடினார். பலகையில் தண்ணீர் ஓடியது. கால் அசையவில்லை. மங்களம் பாடும்போது பொழுது விடிந்துவிட்டது.

கேட்ட கிழவி இரண்டு கருப்பட்டியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் அரிதாரம் முழுசாகப் போகாத முகத்தோடு வாத்தியார் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அன்று இரவு கமுதிப் பக்கம் வள்ளி திருமணம். ஒன்பது மணிக்கெல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டார்.